சாரதாம்பாளின் பெயர் நோட்டு

என் அம்மா அஞ்சலை யாரையும் நம்பமாட்டாள். ரொட்டிக்காரன் கூடையில் மேலே இருக்கும் ரொட்டியை வாங்கமாட்டாள். அடியில் கைவிட்டு ஒன்றை உருவுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைத் தான் ஒரு வாய் குடித்து, அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கொடுப்பாள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் விட்டால், அவன் எதற்கு எழுந்தான் என்று யோசித்தபடி இறங்கும்வரை நின்றுகொண்டே வருவாள். இப்படி ஒருத்திக்கு மகளாகப் பிறந்துவிட்டு இலவசமாகப் படிக்க ஆசைப்பட்டேன் பாருங்கள், என்னைத்தான் சொல்லவேண்டும்.

அது 1957. ஆகஸ்டில் சுதந்திரம் வருகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சு. எங்கள் காஜா பேராங்கில் மட்டும் சுதந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் சாரதாம்பாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாரதாம்பாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சிரம்பான் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், கல்யாணம் ஆகாதவர். எங்கள் தெருச் சடக்கின் முனையில் இருந்த பெரிய பலகை வீடு அவருடைய அண்ணன் விட்டுப்போனது. ஏப்ரலில் வந்து இறங்கியவர், உள்ளே இருந்த தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு வீட்டை ஒரே கூடமாக்கினார். ஆர்மோனியம், மிருதங்கம், கரும்பலகை, ஒரு டைப்ரைட்டர் என்று வரிசையாகச் சாமான்கள் வந்தன. ஜூனில் வாசலில் பலகை ஏறியது. 'நல்லறம் கலை கல்வி நிலையம். பாட்டு, பரதம், மிருதங்கம், தமிழ், ஆங்கிலம், டைப்பிங். அனைத்தும் இலவசம். மதிய உணவு உண்டு.'

கடைசி வரிதான் காரியத்தைக் கெடுத்தது. படிப்பு இலவசம் என்றால் ஏதோ புண்ணியத்துக்குச் செய்கிறாள் என்று விட்டிருப்பார்கள். சோறும் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்காதா?

முதலில் மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்றார்கள். பலகையின் மூலையில் பிள்ளையார் படம் இருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அடுத்தது, பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிச் சிங்கப்பூரில் நாடகக் கம்பெனிக்கு விற்றுவிடுவாள் என்று வந்தது. அதற்குப் பிறகு போலீஸ். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓயாத நேரம். யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அந்த மெஷினில் தட்டித்தட்டி அனுப்புகிறாள் என்று பூங்காவனம் அத்தை தண்ணீர்க் குழாயடியில் சொன்னதும், அன்று முழுக்க எங்கள் வரிசையில் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள்.

பூங்காவனம் அத்தை எங்கள் பக்கத்து வீடு. அம்மாவும் அவளும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். ஜப்பான்காரன் போனபிறகு ஒன்றாக டவுனுக்கு வந்தவர்கள். எங்கள் வரிசையில் பாதிக் குடும்பம் அப்படித்தான், ஏதாவது ஒரு தோட்டத்தின் கூலி லயத்து வீடுகளிலிருந்து வந்தவை. எதிர்வீட்டில் இருந்தது மலாக்கா செட்டிக் குடும்பம். அந்த அம்மாள் எங்களைப்போலவே சாமி கும்பிடுவாள், ஆனால் தமிழ் வராது, மலாய்தான். அவளும் பலகையை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பெர்ச்சுமா? மானா அடா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். இலவசமாம், எங்கே இருக்கிறது அப்படியொன்று என்று அர்த்தம்.

மளிகைக்கடை அப்துல் கய்யூம் நானாவுக்குத் தனிக் காரணம் இருந்தது. "நாப்பது சிலேட்டு, நாப்பது நோட்டு. சொன்ன வெலைக்கு வாங்கிட்டுப் போவுது அந்தம்மா. பேரம் பேசாதவங்கள நான் நம்புறதே இல்ல. அவங்க மனசுல வேற என்னமோ ஓடுதுலா" என்றார்.

எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அம்மா வளர்த்த பிள்ளையாயிற்றே. ஆனால் எனக்குச் சந்தேகப்பட நேரம் இல்லை. எனக்குப் பதினைந்து வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு நர்ஸ் மிஸ்ஸியாக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இங்கிலீஷ் வேண்டும். அம்மா செமாபோக்கில் ஒரு டாக்டர் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மாள், வீட்டோடு தங்கி வேலை செய்ய என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள். அம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆகஸ்ட் முதல் தேதி. ஊருக்கெல்லாம் சுதந்திரம் கிடைக்கப்போகும் அதே மாதத்தில் நான் செமாபோக்கில் அடுத்தவர் வீட்டுச் சட்டி கழுவப்போகிறேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா அசையவில்லை. பூங்காவனம் அத்தைதான் வழி சொன்னாள். "போயிட்டுத்தான் வரட்டுமே அஞ்சலை. ஏதாவது கோளாறுன்னா மறுநாளே நிறுத்திடு. பேர மட்டும் நெசமா குடுக்காத."

அம்மா நெடுநேரம் யோசித்து, அரை மனதாகத் தலையை ஆட்டினாள்.

சாரதாம்பாள் வீடு வீடாக வந்து பெயர் எழுதினார். கையில் தடித்த அட்டை போட்ட நீளமான நோட்டு. எங்கள் வாசல்படியில் தானே உட்கார்ந்துகொண்டார். அதுவே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. படித்தவள் படியில் உட்காருவாளா?

"பிள்ளை பேரு?"

"சரோஜா" என்றாள் அம்மா.

யார் சரோஜா என்று நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"தகப்பனார் பேரு?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளாக, எங்கே யார் கேட்டாலும் பூங்காவனம் அத்தைதான் அந்தப் பெயரைச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் அவள்தான் வந்து வேலாயுதம் என்று சொன்னாள். என் அப்பா வேலாயுதம், நான் தவழும் வயதில் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழாயடியிலிருந்து அத்தை கத்தினாள். "ராமன்."

சாரதாம்பாள் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குழாயடியைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். "நல்ல பேரு" என்றபடி எழுந்தார். எந்தப் பெயரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் ஏன் அப்படிப் பார்த்தாள், நல்ல பேரு என்று ஏன் சொன்னாள், அந்த நோட்டு எங்கே போகிறது என்று கேட்டுக்கேட்டு என் உயிரை எடுத்தாள். நடுவே, "சரோஜான்னு கூப்ட்டா கைய தூக்கணும், மறந்துடாத" என்று மூன்று வேளையும் பாடம் நடத்தினாள்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு காலை திறப்பு விழா. மாவிலைத் தோரணம், வாழைமரம், குத்துவிளக்கு. பிள்ளைகள் நாங்கள் முப்பத்தொரு பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பெரியவர்கள் யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை. தாய்மார்கள் வாசலை ஒட்டிச் சுவரோரம் நின்றார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஏதாவது ஒன்று என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக இருக்கவேண்டுமாம். தன் நோட்டுகள் என்ன கதியாகின்றன என்று பார்க்கக் கய்யூம் நானாவும் வந்து ஜன்னலோரம் நின்றார்.

சாரதாம்பாள் விளக்கேற்றி, ஆர்மோனியத்தில் ஒரு பாட்டுப் பாடினார். நன்றாகத்தான் பாடினார். பிறகு அந்த நீள நோட்டைத் திறந்தார்.

"செல்லம்மா."

யாரும் கை தூக்கவில்லை.

"தனபாக்கியம்."

அசைவில்லை. "கதிர்வேல்" என்றதும் ஒரு பொடியன் கை தூக்கினான். அடுத்து "மாணிக்கம்" என்றார். அதற்கும் அவனே தூக்கினான். "சரோஜா" என்றார். சரோஜா யாரோ, பாவம், வரவில்லைபோல என்று நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மா இருமினாள். இரண்டாவது முறை இருமியபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் ஐந்து பெயர் தாண்டிவிட்டார்.

முப்பத்தொரு பெயரையும் வாசித்து முடித்தார். கூடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தோம். ஒரு பெயருக்கும் சரியான ஆள் கிடைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நின்ற அத்தனை தாய்மார்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா ஒருத்திதான் இப்படி என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் கய்யூம் நானா அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார்.

சாரதாம்பாள் சிரிக்கவில்லை. "புதன்கிழமை கல்வி இலாகா அதிகாரி வர்றார்" என்றார். "பதிவு இல்லாம பள்ளிக்கூடம் நடத்தக்கூடாதுன்னு சட்டம். பிள்ளைங்க பேரும் பிறப்புப் பத்திரத்துல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா பூட்டிட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அதனால உண்மையான பேரைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அம்மா செருப்போடு உள்ளே வந்துவிட்டாள். "பாத்தியா. சர்க்காருக்குத்தான் போவுது இந்த நோட்டு. எந்திரி. வா போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் எழவில்லை. எழுந்தால் நேராகச் செமாபோக்தான். பக்கத்திலிருந்த தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "ஒலகத்துல எல்லாருமே திருடனா? உனக்கு யார் என்னம்மா செஞ்சாங்க?" என்று சபை நடுவில் கத்தினேன். அம்மாவை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். சாரதாம்பாள் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"ஜப்பான்காரன் காலத்துல எங்க தோட்டத்துக்கும் இந்த மாதிரிதான் ஒரு நோட்டு வந்துச்சு. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணிதான் கொண்டாந்தாரு. நல்ல மனுசன். பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா மருந்து குடுப்பாரு. பேர் எழுதுனா வீட்டுக்கு ஒரு படி அரிசி, சும்மான்னாரு. ஆம்பளைங்க வேலைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்கதான் வரிசையில நின்னோம். எங்க வீட்டுக்காரரு பேர பூங்காவனம் சொல்றேன்னா. கிராணி ஒத்துக்கல. அவங்கவங்க வாயாலதான் சொல்லணும்னாரு. இவ இடுப்புல பசியில கத்திக்கிட்டு இருக்கா. எனக்குப் பால் வத்திப்போச்சு. சொன்னேன். கல்யாணம் ஆகி அன்னிக்குத்தான் அவரு பேர நான் சொன்னேன்."

அம்மா என் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தாள்.

"மூணாம் நாள் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டு. நிக்க வச்சு அந்த நோட்டத்தான் வாசிச்சாங்க. பேர் கேட்டவன் எல்லாம் லாரியில ஏறுன்னாங்க. சயாமுக்கு ரயில் பாதை போட. எங்க தோட்டத்துல நாப்பது பேரு. ஒருத்தரும் திரும்பி வரல."

காய்ச்சல் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் தூணை விட்டு எழுந்து நின்றேன்.  சுவரோரம் பூங்காவனம் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

சாரதாம்பாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கண்ணனும் கிராணிதான்" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள்.

"உங்க தோட்டம் இல்ல. கோலப்பிலா பக்கம். அவரும் இந்த மாதிரி நோட்டு எழுதினவர்தான். எழுதலேன்னா உன்னை லாரியில ஏத்திடுவோம்னு ஜப்பான்காரங்க சொன்னாங்களாம். அறுபத்திரண்டு பேர் எழுதினார். சாகிறவரைக்கும் வெளியில தலை காட்டல. இந்த வீட்டை வித்துத் திங்காத, தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்னு சொல்லிட்டுப் போனார். இதைச் சொன்னா நீங்க யாரும் பிள்ளைங்களை அனுப்பமாட்டீங்கன்னு பயந்து சொல்லாம இருந்தேன்."

சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தி தன் பையனைக் கையைப் பிடித்து எழுப்பினாள். இன்னொருத்தி, "பாவி ஊட்டுச் சோறு" என்றாள், சன்னமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக்கூடாதா என்று அவர்மேல் எரிச்சலாக வந்தது. என் இங்கிலீஷும் வெள்ளை உடுப்பும் அந்த ஒரு பேச்சில் போயின. அம்மா இனி ஒரு நொடி இங்கே நிற்கமாட்டாள்.

ஆனால் அம்மா நின்றாள். சாரதாம்பாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மா குடுக்குறேன்னு சொன்னப்ப நம்பல" என்றாள். "இது நம்புறாப்ல இருக்கு."

பிறகு கையை நீட்டினாள். "நோட்ட குடுங்க. இது எங்கிட்டதான் இருக்கும். எந்த அதிகாரி வந்தாலும் எங்க வீட்டுல வந்து பாத்துட்டுப் போவட்டும். வெளிய யாரு கைக்கும் நான் தரமாட்டேன்."

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் நோட்டைத் தன் பொறுப்பில் கேட்டுக்கொண்டு நின்றாள். சாரதாம்பாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பழைய பக்கங்களை அம்மாவின் கண்ணெதிரே கிழித்துப்போட்டுவிட்டு நோட்டைக் கொடுத்தார். பையனை எழுப்பிய பெண் அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலையே ஒத்துக்கொண்டாள் என்றால் பிறகு யார் என்ன பேசுவது? பையன் மறுபடி உட்கார்ந்தான்.

இருக்கிற பிள்ளைகளில் நான்தான் பெரியவள், கையெழுத்தும் சுமாராக இருக்கும் என்று பேனாவை என்னிடம் தந்தார்கள். அம்மா பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், இந்தத் தடவை செருப்பை வாசலில் விட்டுவிட்டு. பிள்ளையின் பெயரைத் தாங்களே சொன்னார்கள், புருஷன் பெயரைப் பக்கத்தில் நின்றவள் சொன்னாள். செல்லம்மா ஜெயாவானாள். இரண்டு தடவை கை தூக்கிய பொடியன் பெயர் மருதமுத்து. முப்பது பேரை எழுதினேன். நாங்கள்தான் பாக்கி.

கோகிலா என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்துக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை என்று 'வே' போட்டேன். பூங்காவனம் அத்தையும் வழக்கப்படி வாயைத் திறந்தாள். அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"என்ன எழுதுற?" என்று என்னைக் கேட்டாள்.

"அப்பா பேரு. வேலாயுதம்."

"அது இல்ல."

எனக்குப் புரியவில்லை. அம்மா கூடத்தில் இருந்த யாரையும் பார்க்கவில்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"பொன்னுதுரை."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் வேலாயுதம் என்று பெயர் சொல்லி இலை போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். யாரோ ஒருவனுக்கு அத்தனை வருஷம் படையல் போட்டேனா? "அப்ப வேலாயுதம் யாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"யாருமில்ல. முருகன் பேரு" என்றாள் அம்மா. "அவர யாரும் லாரியில ஏத்த முடியாதுல்ல."

நான் 'வே'யை அடித்தேன். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. அம்மா நோட்டின் ஓரத்தை விடாமல், ஒவ்வோர் எழுத்தாக நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வாசி."

வாசித்தேன். பிறந்து பதினைந்து வருஷம் கழித்து அன்றுதான் என் அப்பா பெயரை நான் சொன்னேன். அம்மாவின் கண் வாசல் பக்கம் போனது. யாரும் வரவில்லை. வெளியே சடக்கில் ஒரு சைக்கிள் போனது, அவ்வளவுதான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தரம் வாசி" என்றாள்.